தளம் இறுகும்வரை

அந்தப் புரட்டாசியில் சனிக்கிழமைதோறும் நான் வகுப்புக்குப் போனேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் டிபன் பாக்ஸ் கட்டுவேன். அவள் திண்டிவனத்துத் தெருக்களில் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடப்பாள். நான் ஸ்டேஷனைப் பார்த்து நடப்பேன்.

காலை பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் விழுப்புரம் வரை அது வேறொரு உலகம். மயிலம் தாண்டியதும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள் வரும். முந்தின இரவு பெய்த மழைத்தண்ணீர் வரப்புக்கு வரப்பு வானத்தைப் பிடித்து வைத்திருக்கும். சவுக்குத் தோப்புகள் ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றுவிடும். பாதித் தூக்கத்தில் அந்தச் சவுக்கெல்லாம் எனக்குத் தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளாகவே தெரியும். வானத்துக்கு யாரோ சென்ட்ரிங் பலகை அடித்து, அது இறுகட்டும் என்று காத்திருப்பதுபோல இருக்கும்.

சிவில் டிப்ளமோ முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டு, பிறகுதான் கட்டட வேலைக்குச் சூப்பர்வைசராக வந்தேன். எங்கள் கம்பெனி சின்னது. கடைக் கட்டடம், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, ஒரு மருந்துக் கிடங்கு, இப்படித்தான் வேலைகள் வரும். அந்த வருடம் விக்கிரவாண்டி பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை கிடைத்தது. வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் சென்னைக்காரர். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். சாரம், சென்ட்ரிங், முட்டு, பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் அண்டை கொடுப்பது என்று கட்டடத்தோடு நிற்காமல் கழற்றி எடுக்கப்படுகிற எல்லாவற்றுக்கும் சைட்டில் ஒரே ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த ஆள் அதற்கான பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

எங்கள் மேனேஜர் ஆபீசைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், நீங்க போயிட்டு வாங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும்."

இதுவும் ஒரு ரிஜிஸ்டர் எழுதும் வேலை என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வகுப்பு விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேலே மாடியில் நடந்தது. பதினாலு பேர் இருந்தோம். பெண் என்று நான் ஒருத்தி. பாதிப் பேர் என்னைவிட வயதானவர்கள். சொல்லிக்கொடுக்க வந்த பொண்ணுக்கு இருபத்தெட்டு வயதுகூட இருக்காது. புதுச்சேரிப் பக்கம். மெதுவாகப் பேசுவாள். தலை நரைத்த ஃபோர்மேன்கள் எல்லாம் அவளை "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.

முதல் நாள் அவள் போர்டில் ஒரு தளத்தை வரைந்தாள். அதன்கீழ் பலகை, பலகைக்குக் கீழ் சட்டம், சட்டத்துக்குக் கீழ் முட்டு, முட்டுக்குக் கீழ் மண்.

"கட்டடத்துக்கு வரைபடம் இருக்குங்க. அதைத் தாங்குற முட்டுக்கு வரைபடம் எங்க இருக்கு?"

"மேஸ்திரி மனசுல இருக்கு மிஸ்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

அவளும் சிரித்தாள். "அந்த மனசுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்துட்டா?"

பிறகு சாக்பீஸால் தளத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். "எடை எங்கயும் காணாமப் போகாதுங்க. பலகை வழியா, முட்டு வழியா எறங்கி எங்கயோ ஒரு எடத்துல போய்ச் சேரும். எங்க சேருதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்க வேலை."

மதியம் சாப்பிட்ட பிறகு எல்லோருக்கும் கண்ணைச் சொக்கும். ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கோத்துக்கொள்ளும் சத்தம் பெட்டிக்குப் பெட்டி நகர்ந்து தூரத்தில் போய் அடங்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் ஏற்றலாம் என்று ஒரு சீட்டு. முட்டைப் பிரிப்பதற்கு முன்னால் இறக்கலாம் என்று ஒரு சீட்டு. இரண்டிலும் கையெழுத்து போடுகிற ஆள் அந்த இடத்துக்கு நடந்துபோய், குனிந்து, கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து போடக்கூடாது. நான் பாதிக் கனவில் இருந்தாலும் இதையெல்லாம் நோட்டில் எழுதிவிடுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் எழுத்துதானா என்று சந்தேகம் வரும்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல மழை. கரண்ட் இல்லை. அவள் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தாள்.

"நீங்க கண்ணால பாத்தும் வாயத் தெறந்து சொல்லாம விட்டது ஒன்னு இருக்கும். அத எழுதுங்க. பேரு போட வேணாம். நான் வாங்கிப் படிக்க மாட்டேன்."

அந்த ஹாலில் கேட்டது பதினாலு பேனாவும் மழையும் மட்டும்தான். நான் எழுத மாட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை தானாக எழுத ஆரம்பித்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். திண்டிவனத்தில் ஒரு கடைக் கட்டடம். முன்பக்கம் ஜன்னலுக்கு மேலே நீளமாக ஒரு சன்ஷேடு போட்டிருந்தோம். மூன்றாம் நாளே அதன் சென்ட்ரிங்கைப் பிரித்து வேறு சைட்டுக்கு எடுத்துப்போக ஆள் வந்துவிட்டார்கள். மூன்று நாள் பத்தாது என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் நான் புதுசு. அங்கே இருந்தவர்கள் எல்லாம் பழைய ஆட்கள். ஒருவேளை இங்கே இப்படித்தான் செய்வார்களோ என்று பேசாமல் நின்றேன். கடைசிப் பலகையை எடுத்ததும் சன்ஷேடு மொத்தமாக மடங்கிக் கீழே வந்தது. அதன்கீழ் நிழலில் உட்கார்ந்திருந்த மூன்று சித்தாள் பெண்கள் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்கள். ஒருத்தியின் தூக்குச்சட்டி மட்டும் அடியில் மாட்டித் தட்டையாகிவிட்டது. அவள் அதைத் தூக்கிக் காட்டி, "ஐயோ, எங் கொழம்பு போச்சே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுதி முடித்துத் தலையைத் தூக்கினேன். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர், அறுபது வயது இருக்கும், தன் தாளைச் சின்னச்சின்னத் துண்டாகக் கிழித்து ஜன்னல் வழியாக மழைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் என் தாளை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

*

மண்டபத்து சென்ட்ரிங் மேஸ்திரி முகையூர்ப் பக்கத்துக்காரர். ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து தளம் போடுவார். அவர் மனைவியும் அந்தக் கூட்டத்தில் வேலை செய்தார். மேஸ்திரி சுத்தியலால் முட்டை ஒரு தட்டு தட்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே இறுக்கம் சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். நான் ரிஜிஸ்டரோடு வந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இத்தினி வருசத்துல நான் போட்ட தளம் ஒன்னுகூட உக்காரல மேடம். இப்ப இன்னாத்துக்குப் பேப்பரு?"

"உக்காரக் கூடாதுன்னுதான் அண்ணே."

"ஒங்க பேப்பரு வந்து தாங்குமா?" என்றார். அவர் ஆட்கள் சிரித்தார்கள். நான் எழுதிக்கொண்டே நகர்ந்தேன்.

ஐப்பசியில் முன்பக்கத்துப் போர்டிகோ தயாரானது. கார் வந்து நிற்கும் இடம். இரண்டு மாடி உயரத்தில் ஒரு பெரிய தளம். கீழே வரிசை வரிசையாக இரும்பு முட்டுகள். அதற்குள் நுழைந்து நடந்தால் வெளிச்சம் கோடு கோடாக விழும். எந்தப் பக்கம் வந்தோம் என்று ஒரு நொடி மறந்துபோகும். நான் தினமும் காலையில் அதற்குள் ஒரு சுற்று நடப்பேன். வேலைக்காகத்தான். ஆனால் அந்த இரும்புக் காட்டுக்குள் சும்மா நிற்கவும் எனக்குப் பிடித்திருந்தது.

தளம் போடுவதற்கு முந்தின நாள் மாலை, பக்கத்துக் காலி நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலி ஓரமாக வந்து நின்றார்.

"ஏம்மா, இங்க ஒரு கெணறு இருந்துச்சே, தூத்துட்டாங்களா?"

நான் வேலிக்குப் பக்கத்தில் போனேன். "எந்த எடத்துலம்மா?"

அவர் கையிலிருந்த குச்சியை நீட்டி, போர்டிகோவைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "இங்கதான். ஒரு வேப்பமரம் இருந்துச்சு, அத்த ஒட்டி. நாங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம்."

வேப்பமரம் இல்லை. நிலத்தை எங்களுக்குக் காட்டியபோதே அது மேடு தட்டிச் சமமாக இருந்தது. கிணறு என்று யாரும் சொல்லவில்லை. தூர்த்த கிணற்று மண் எடை ஏறினால் உள்வாங்கிவிடும். மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

விடியற்காலையில் ஒரு கனவு வந்தது. போர்டிகோவின் கீழே மண்ணே இல்லை, தண்ணீர்தான். முட்டுகள் எல்லாம் கொக்குக் கால்கள் மாதிரி அதில் நின்றன. நான் அக்கரையில் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு நிற்கிறேன். தண்ணீர் கொஞ்சமும் அசையவில்லை. பயமாகவும் இல்லை. அழகாக இருந்தது. அதுதான் எழுந்த பிறகு என்னை உறுத்தியது.

காலையில் பம்ப் வந்துவிட்டது. குழாயை மேலே ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நாற்பது ஆட்கள் முகம் கழுவிக்கொண்டு தயாராக நின்றார்கள். ஏற்றலாம் என்கிற சீட்டு என் கையில். மேனேஜர் வரும் வழியில் போனில் பேசினார்.

"கையெழுத்துப் போட்டாச்சா மேடம்? காங்கிரீட் லாரி கிளம்பிடுச்சு."

"சார், இன்னைக்குப் போட வேணாம். முட்டுக்கு அடியில கெணறு இருந்துச்சாம். தோண்டிப் பாக்கணும்."

"யாரு சொன்னது?"

"ஆடு மேய்க்கிற ஒரு அம்மா."

"மேடம், லாரி கிளம்பிடுச்சுன்னு சொல்றேன்."

"திருப்பி அனுப்புங்க சார்."

என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"ஆடு மேய்க்கிறவங்க பேச்சக் கேட்டுக்கினு நாப்பது ஆள நிக்க வெக்கிறீங்களே மேடம். பேஜாரு பண்ணாதீங்க. நான் நட்ட முட்டு இது. எனக்குத் தெரியாதா?"

"முட்டு மேல சந்தேகம் இல்லண்ணே. மண்ணு மேலதான்."

அவர் போய்ப் பம்புக்காரரோடு நின்றுகொண்டார். பிறகு அவரே நாலு ஆட்களைக் கடப்பாரையோடு அனுப்பினார்.

முட்டுகளுக்கு இடையில் நாலு இடத்தில் குழி தோண்டினோம். மேலே கொட்டிய கிராவல். அதற்குக் கீழே கெட்டியான செம்மண். அதற்கும் கீழே கடப்பாரை பட்டதும் நங்கென்று பதில் சொல்லும் பழைய தரை. நாலு இடத்திலும் அப்படியே. இன்னும் இரண்டு இடம் தோண்டச் சொன்னேன். அங்கேயும் அதேதான். கிணறு இல்லை.

அன்று மதியம் அந்த சைட் எப்படி இருந்தது என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எல்லாம் தயாராக இருந்தது. பம்ப் குழாய் வானத்தில் வளைந்து நின்றது. மேலே கம்பி கட்டி முடித்த தளம், ஒரு சொட்டுக் காங்கிரீட் இல்லாமல். ஆட்கள் ஆங்காங்கே நிழல் பார்த்துப் படுத்திருந்தார்கள். யாரோ போனில் மெதுவாகப் பாட்டு வைத்திருந்தார்கள். சித்தாள் பெண்கள் தலைக்குத் துணிச் சும்மாடு வைத்துத் தூங்கினார்கள். ஒரு கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. மேனேஜர் வந்தார், குழிகளைப் பார்த்தார், திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

குழிகளைக் கெட்டியாக நிரப்பி, பக்கத்து முட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, இரண்டு நாள் கழித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். தளம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு சைட்டில் "கெணத்து மேடம்" என்று பெயர். என் எதிரே சொல்ல மாட்டார்கள். ஆனால் சாரத்துக்கு மேலிருந்து காற்றில் மிதந்து வரும்.

அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். "அங்க கெணறு இல்லம்மா" என்றேன். அவர் கொஞ்சமும் சங்கடப்படவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்து நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப அந்தாண்ட இருக்கும். மரம் இல்லாமப் போயி எனக்கும் எடம் புரியல."

அவர் காட்டிய இடங்களில் எல்லாம் பிறகு கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கேயும் அகப்படவில்லை. வேலிக்கு வெளியே இருந்திருக்கலாம். ரோட்டுக்கு அடியில் போயிருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து வகுப்பெடுத்த பொண்ணுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மேடம், நிறுத்துனதுக்கு வருத்தப்படறீங்களா? எல்லாரும் பாக்கறப்ப தப்பாயிடுச்சேன்னு வருத்தப்படறீங்களா?"

"ரெண்டும்தான் மிஸ்." எனக்கும் அவள் மிஸ் ஆகியிருந்தாள்.

"நிறுத்துனதுல தப்பு இல்லை. ஆனா மண்ணப் பத்தின கேள்விய நீங்க எப்ப கேட்டிருக்கணும்? முட்டு நடறதுக்கு முன்னாடி. லாரி வர்ற அன்னைக்குக் கேட்டா எல்லாருக்கும் கோவம்தான் வரும்."

அதுதான் சரி. ரிஜிஸ்டரில் முட்டின் உயரம், இடைவெளி, குறுக்குக் கம்பி எல்லாம் எழுதியிருந்தேன். எடை கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த பக்கத்திலிருந்து முதல் வரியே மண் என்று வைத்தேன்.

*

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்துக்குப் பின்பக்கம் சாப்பாட்டு ஹால். அதன் கூரைத் தளத்துக்கு முட்டு நடுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிட்டோம். கெட்டியாக இருந்தது. முட்டு நின்று, பலகை விரித்து, கம்பி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை விக்கிரவாண்டி ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து சைட்டுக்கு வந்தேன். தூறல். கேட்டில் மேஸ்திரி நின்றிருந்தார். எனக்காக அவர் கேட்டில் நின்று நான் பார்த்ததே இல்லை.

"கொஞ்சம் வாங்கம்மா" என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

பின்பக்கம் கூட்டிப்போனார். சுவர் ஓர வரிசையில் கடைசி முட்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். முட்டை இறுக்கும் மரையை இரண்டு விரலால் சுற்றினார். அது சுற்றியது.

"நேத்து சாயங்காலம் சுத்தியல் போட்டு இறுக்குனதும்மா இது. இன்னைக்கு ரெண்டு வெரல்ல சுத்துது பாருங்க."

முட்டு தளர்ந்திருக்கிறது என்றால் அதன் காலுக்குக் கீழே மண் இறங்கியிருக்கிறது. நான் வெளியே எட்டிப் பார்த்தேன். சுவரை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டியிருந்தது. முந்தின நாள் மாலை நான் ரயிலுக்குப் போன பிறகு, சமையல்கட்டுத் தண்ணீர் போகக் குழாய் புதைப்பதற்குப் பிளம்பர்கள் தோண்டியது. இரவு பெய்த மழையில் அது விளிம்புவரை நிரம்பிக் காப்பி நிறத்தில் நின்றது. அதன் கரையிலிருந்து முடி கனத்தில் தரையில் ஒரு விரிசல் புறப்பட்டு, முதல் வரிசை முட்டைத் தாண்டி, இரண்டாவது வரிசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

தலைக்கு மேலே பேச்சுச் சத்தம். கம்பி கட்டுகிறவர்கள் எட்டுப் பேர் அந்தத் தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

வெளியே ஓடி வந்து மேலே பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் எறங்குங்க. அந்தக் கோடி ஏணிப் பக்கம் வாங்க. சுவர் பக்கம் வராதீங்க. ஓடாதீங்க, மெதுவா."

ஒருவன் எட்டிப் பார்த்தான். "இன்னா மேடம், கெணறா?"

"டேய், சொல்றதச் செய்ங்கடா!" என்றார் மேஸ்திரி.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். எட்டுப் பேரும் தரையில் கால் வைக்கும்வரை நான் எண்ணினேன். அந்த நேரத்தில் தூறல் மெல்லிய சல்லடையில் சலித்த மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஏணியில் இறங்குகிறவர்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடக்கிறவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். கடைசி ஆள் இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, "டீ இருக்கா?" என்று கேட்டான். நான் அங்கேயே ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார்.

"முன்னாடின்னா அடியில ஒரு பலகயக் குடுத்து இறுக்கிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேம்மா. யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

"இன்னைக்கு ஏன் சொன்னீங்க அண்ணே?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னைக்கி ஒன்னுமே இல்லாததுக்கு லாரியவே திருப்பி அனுப்புனீங்க. அத்தினி பேரு சிரிச்சோம். நீங்க மறுநாளும் வந்து நின்னீங்க. அப்பறம் நான் ஒரு வார்த்த சொல்றதுல இன்னா கொறஞ்சுடப் போவுது?"

பிளம்பர்கள் வந்தார்கள். நான் கோபமாக ஆரம்பித்தேன். அவர்களில் பெரியவர் நிதானமாகச் சொன்னார்: "அங்க தோண்டக் கூடாதுன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலியே மேடம்."

யாரும் சொல்லவில்லை. காலையில் நான் சென்ட்ரிங் ஆட்களோடும் கம்பி ஆட்களோடும்தான் பேசுவேன். பிளம்பர்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர்கள் மண்ணுக்குள் வேலை செய்கிறவர்கள், முட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். கோபம் பாதியில் நின்றது. "என் தப்புதான்" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வடிக்க அவரே முதலில் போனார்.

வாய்க்கால் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். மண்ணையும் கிராவலையும் அடுக்கடுக்காகக் கொட்டிக் கெட்டித்தோம். குழாய்க்கு வேறு வழி காட்டினேன். சுவர் ஓரத்து இரண்டு வரிசை முட்டுகளுக்கும் அடியில் அகலமான பலகை போட்டு, புதிதாகக் குறுக்குக் கம்பிகள் கட்டினோம். நாலு நாள் ஆனது. மேனேஜர் வந்து விரிசல் இருந்த இடத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"போட்டோ எடுத்தீங்களா மேடம்?"

"எடுத்திருக்கேன் சார்."

"ஆர்க்கிடெக்ட்டுக்கு நானே அனுப்பிடறேன். நாலு நாள் லேட்டாச்சுன்னு நானே சொல்லிக்கறேன்." போகும்போது திரும்பி, "அந்த மேஸ்திரி பேரையும் எழுதிடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் நிற்போம். சென்ட்ரிங், கம்பி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் லாரிக்காரர்கூட. இன்று யார் எங்கே தோண்டப் போகிறீர்கள், எங்கே எடை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்பேன். பத்து நிமிஷம்தான். முதலில் நெளிந்தார்கள். பிறகு பிளம்பரும் மேஸ்திரியும் அங்கேயே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளப் பழகினார்கள். நான் எழுதிக்கொண்டால் போதும் என்று ஆனது.

*

கார்த்திகையிலேயே தளம் போட்டுவிட்டிருந்த சாப்பாட்டு ஹாலின் முட்டுகளைப் பிரித்தது மார்கழியில். காங்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்த சோதனை முடிவு வந்திருந்தது. நாட்களை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். இறக்கலாம் என்கிற சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு வரிசையாக நடந்து, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெளியே பனி இன்னும் கலையவில்லை. பைபாஸில் லாரிகள் வெள்ளைக்குள் இருந்து வந்து வெள்ளைக்குள் போயின. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து கரும்புப் பாகு வாசனை காற்றில் லேசாக வந்தது.

"நடுவுலேர்ந்து ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார் மேஸ்திரி.

"ஆரம்பிங்கண்ணே."

முதல் முட்டின் மரையைத் தளர்த்தினார். இரும்பு ஒரு பெருமூச்சு விட்டது. மேலே தளம் சும்மா இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் முட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. வெளிச்சக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து அகலமாகின. மதியத்துக்குள் பலகைகளும் இறங்கி, ஹால் ஹாலாக ஆகிவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை. என் வேலையில் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

அந்தத் தளத்துக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மேஸ்திரியின் மனைவி கேப்பைக்களியும் மல்லாட்டைத் துவையலும் கொண்டுவந்திருந்தார். என் எலுமிச்சைச் சாதத்தை அவர் வாங்கிக்கொண்டு களியில் ஒரு உருண்டை எனக்கு வைத்தார். "தைக்கு முதல் கல்யாணமாமே இங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரு வூட்டுக் கல்யாணமோ" என்றபடி அவர் சாப்பிட்டார்.

மாலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. பேரணி ஸ்டேஷன் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. கனவுகூட வரவில்லை. யாரோ கால்மேல் மூட்டையை வைத்ததில் விழித்துப் பார்த்தால் ஸ்டேஷன் பலகையில் ஒலக்கூர் என்று எழுதியிருந்தது. திண்டிவனம் போயே போய்விட்டது. அவசரமாக இறங்கினேன்.

போன் அடித்தது. வீட்டுக்காரர். "எங்க இருக்க? ரயில் வந்துட்டுப் போயிடுச்சே. நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன்."

"ஒலக்கூர்ல. தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா? நீயா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இரு. வண்டிய எடுத்துக்கினு வர்றேன். ஜல்தியா வந்துடறேன்."

"மெதுவா வாங்க. அவசரம் ஒன்னும் இல்ல."

பிளாட்பாரத்தில் நான் மட்டும்தான். வெயில் இறங்கிவிட்டிருந்தது, இருட்டு இன்னும் வரவில்லை. வயல்களுக்கு மேலே பனி முழங்கால் உயரத்துக்குப் பரவத் தொடங்கியது. சிமென்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துக் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்தேன்.